குழாய் வெயில்

கட்டாருக்குப் போகையில் றிஸ்மி
இரண்டு மாத வாடகைப் பாக்கியையும்
ஓர் ஆமையையும் விட்டுப்போனான்.
பாக்கியை நான் மறந்துவிட்டேன்.
ஆமை மறக்க விடவில்லை.

உள்ளங்கை அகலம். காதோரம் சிவப்புக் கோடு.
பேசினில் தண்ணீர், ஏறிப் படுக்க ஓர் ஓட்டுத் துண்டு,
பக்கத்தில் பூட்டிய யன்னல்,
யன்னல் நிறைய டச்சுக்குடா.
வெயிலுக்கா பஞ்சம் என்றிருந்தேன்,
கோட்டை மான்களே மத்தியானத்தில்
நிறுத்திவைத்த பஸ்ஸின் நிழலுக்கு
அடிபடுகிற ஊரில்.

ஒரு வெள்ளிக்கிழமை தூக்கிக் கழுவும்போது
அதன் முதுகு என் பெருவிரலுக்குக் கீழே
நனைந்த அட்டைப்பெட்டியாய்
உள்ளே போய் வந்தது.

"கண்ணாடியைத் தாண்டி வருவது வெளிச்சம்தான்,
எலும்புக்கு வேண்டியது வெளியிலேயே நின்றுவிடும்"
என்றார் மிருக வைத்தியர் யசோதினி.
பதினொரு வருசம் எக்ஸ்ரே அறையில்
ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று
"மூச்சைப் பிடியுங்கோ" சொல்கிறவள் நான்.
எந்தக் கதிர் எதிலே நிற்கும் என்று
எனக்கு ஒருவர் சொல்லவேண்டியிருந்தது.

மத்திய வீதியில், மீன்தொட்டிக் கடையில்,
நௌபர் முதலில் எடுத்தது ஊதா பல்பு.
"இதுதான் மிஸ் நல்லாப் போகுது."
போட்டுக் காட்டினான்.
கடை கலியாண வீடாயிற்று.
பெட்டியின் நாலு பக்கமும் தேடினேன்,
யூவிபி என்ற சொல் எங்கும் இல்லை.
ஊதாவாய் எரிந்தால் போதுமென்று நம்பி
எத்தனை ஆமைகள் அந்தக் கலியாண வீட்டில்
எலும்பு கரைந்தனவோ.

பிறகு நீளக் குழாய்கள்.
"ஐந்து போட்டது காட்டுக்கு,
பத்து போட்டது பாலைவனத்துக்கு.
உப்புவெளியில் தவளை வளர்க்கிற ஐயா
இரண்டு போதும் என்று கொண்டுபோறவர்."
"குளத்துக்கு?"
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
குளம் இல்லை.

இலைக்குக் கீழே பதுங்கும் ஜாதியல்ல இது,
மரக்கட்டையில் ஏறிக்கிடந்து வெயில் குடிப்பது.
பத்தையே எடுத்தேன்.
பதினாலாயிரத்து ஐந்நூறு.
றிஸ்மியின் பாக்கியில் ஏறக்குறைய பாதி.

ஓட்டுத் துண்டிலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைய
உயரம் அளந்து மாட்டினேன்.
வலை போட்டால் மூன்றில் ஒன்றை வலை தின்னும்.
ஆகவே வலையைக் கழற்றி
பூனையை வெளியே போட்டேன்.
பிளாஸ்டர் துண்டில் திகதி எழுதி
குழாயின் தலைமாட்டில் ஒட்டினேன்,
வார்டில் சேலைன் போத்தலுக்கு ஒட்டுவதுபோல.
ஏனென்றால் இது அணைந்து சாகிற சாமானல்ல.
ஒரு வருசத்தில் உள்ளே கதிர் தீர்ந்துவிடும்,
வெளிச்சம் மட்டும் வழமைபோல எரியும்.
அப்படிச் சிலபேரை எனக்குத் தெரியும்.
பெயர் வேண்டாம்.

என் சட்டையில் ஒரு பட்டை குத்தியிருக்கிறது.
நான் வாங்கிய கதிரையெல்லாம் அது எழுதிவைக்கும்,
கணக்குப் பார்க்கக் கொழும்புக்குப் போய்வரும்.
கூடினால் எனக்குக் கேடு,
குறைந்தால் அதற்கு.

நேற்று ஞாயிறு, காலையிலேயே கரண்ட் இல்லை.
பேசினை மொட்டைமாடிக்குத் தூக்கினேன்.
பாதிக்குப் பலகை வைத்து நிழல் செய்து
காகம் விரட்ட ஒரு தும்புத்தடியோடு குந்தியிருந்தேன்.
கடலிலிருந்து காற்றே இல்லை.
ஆமை ஏறியது. கழுத்தை நீட்டியது.
பிறகு பின்னங்கால் இரண்டையும் பின்னால் எறிந்து
விரல்களை ஒவ்வொன்றாய் விரித்தது.
மூன்று மாதத்தில் முதல் தடவை.

படம் எடுத்து றிஸ்மிக்கு அனுப்பினேன்.
"உசிரோடயா இருக்கு அக்கா?
இங்க பகல்ல நிக்கேலா, நைட் ஷிப்ட்தான்.
றூமுக்கு யன்னல் இல்ல.
நான் வெயிலக் கண்டு ஒரு மாசம்."

என்ன பதில் எழுதுவதென்று
தும்புத்தடியை மடியில் வைத்தபடி இருந்தேன்.

கீழே ஃபேன் சுழலும் சத்தம் கேட்டது.
கரண்ட் வந்துவிட்டது.
குழாயும் எரிந்திருக்கும்,
பேசின் இல்லாத மேசைக்கு மேலே,
பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் வெயில்.